ஈ.ஆர்.சி.சி.1 ஆன்டிபாடி: நம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இந்த அத்தியாயம் முழுவதையும் ஒரே ஒரு புரதத்தை வைத்துச் சொல்லப் போகிறேன்: ஈ.ஆர்.சி.சி.1. டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் நொதிகளில் இது முக்கியமானது. ஆன்டிபாடியைச் சோதிக்காமல் நம்பினால் அந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதை இந்தப் புரதத்தின் வரலாறு காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. ஓ.ஜி.ஜி.1, எம்.ஜி.எம்.டி., பார்ப்1 என்று வேறு பழுதுநீக்க நொதிகளில் வேலை செய்கிறவர்கள் புரதத்தின் எடையையும் செல்லின் பெயரையும் மாற்றிக்கொண்டு இதே வழியில் போகலாம்.

முதலில் புரதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த எடையில் ஓடும், செல்லில் எங்கே இருக்கும், யாரோடு சேர்ந்திருக்கும் என்று தெரியாதவருக்கு ஆன்டிபாடி காட்டுவது சரியா தப்பா என்று சொல்லவே முடியாது. ஈ.ஆர்.சி.சி.1 தனியாக எதையும் வெட்டுவதில்லை. எக்ஸ்.பி.எஃப். என்ற புரதத்தோடு ஜோடி சேர்ந்த பிறகுதான் அது நொதி. வெட்டும் மையம் எக்ஸ்.பி.எஃப். பக்கம் இருக்கிறது, அந்த ஜோடியை டி.என்.ஏ.வில் உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதில் ஈ.ஆர்.சி.சி.1க்குப் பெரும் பங்கு. புறஊதாக் கதிராலோ சிஸ்பிளாட்டின் மருந்தாலோ டி.என்.ஏ. இழையில் பழுது விழுந்தால், பழுதின் 5 பிரைம் பக்கத்தில் இந்த ஜோடி வெட்டும், மறுபக்கத்தை எக்ஸ்.பி.ஜி. வெட்டும், சுமார் 30 நியூக்ளியோடைடு நீளத் துண்டு ஒன்று வெளியே வந்துவிடும். இந்தப் பழுதுநீக்க முறையின் நுணுக்கங்களை விளக்கியதற்காக அஜீஸ் சான்ஜாருக்கு 2015ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டோமஸ் லிண்டாலும் பால் மோட்ரிச்சும் வேறு இரண்டு பழுதுநீக்க வழிகளுக்காக அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நமக்கு வேண்டிய விவரங்கள் இவை. ஈ.ஆர்.சி.சி.1ல் 297 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை ஏறக்குறைய 33 கிலோடால்டன். ஜெல்லில் ஓடும்போது 37ஐ ஒட்டி நிற்கும். எக்ஸ்.பி.எஃப். 916 அமினோ அமிலங்கள் கொண்டது, 100க்கு மேலே நிற்கும். இரண்டுக்கும் இடம் செல்லின் உட்கரு. ஒன்றில்லாமல் மற்றது நிலைக்காது, அதாவது எக்ஸ்.பி.எஃப். இல்லாத செல்லில் ஈ.ஆர்.சி.சி.1 அளவும் வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் குணம் பிறகு நமக்கு உதவப் போகிறது. இன்னொன்று: ஈ.ஆர்.சி.சி.1 மரபணுவிலிருந்து 4 வடிவங்களில் புரதம் உருவாகிறது. 202 என்று எண்ணிடப்பட்ட வடிவம் ஒன்றுதான் பழுதுநீக்கும் வேலையைச் செய்கிறது.

8எஃப்1 என்ற ஆன்டிபாடியின் வரலாறு

2006ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நுரையீரல் புற்றுக்கட்டியை அறுவையால் அகற்றிய பின் சிஸ்பிளாட்டின் கொடுத்துப் பார்த்த ஒரு பன்னாட்டுச் சோதனையின் திசுக்களை, பாரிசுக்கு அருகே வில்ஜுயிஃப் நகரிலுள்ள குஸ்தாவ் ரூசி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 8எஃப்1 என்ற சுண்டெலி மோனோகுளோனல் ஆன்டிபாடியைக் கொண்டு 761 கட்டிகளில் ஈ.ஆர்.சி.சி.1 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். 44 சதவீதக் கட்டிகளில் இருந்தது. இல்லாதவர்களுக்குச் சிஸ்பிளாட்டின் பலன் தந்தது, இருந்தவர்களுக்குத் தரவில்லை. காரணமும் கச்சிதமாகப் பொருந்தியது: மருந்து டி.என்.ஏ.வைப் பழுதாக்குகிறது, பழுதுநீக்கும் நொதி இருக்கும் கட்டி தப்பித்துக்கொள்கிறது. யாருக்குக் கீமோதெரபி கொடுக்கலாம், யாரை அந்த வேதனையிலிருந்து விட்டுவிடலாம் என்று ஒரு சாயம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. அந்த நம்பிக்கையின் மேல் புதிய மருத்துவச் சோதனைகளும் தொடங்கின.

அடுத்த ஆண்டே அதே இதழில் ஒரு கடிதம் வெளியானது. ஈ.ஆர்.சி.சி.1-எக்ஸ்.பி.எஃப். ஜோடியிலேயே பல ஆண்டுகள் வேலை செய்த ஆய்வாளர்கள், இந்த நொதி இல்லாத செல்களிலும் 8எஃப்1 சாயம் ஏறுகிறது என்று எச்சரித்தார்கள். 2009ல் விரிவான கட்டுரையாகவே எழுதினார்கள். எச்சரிக்கை எழுதிய பக்கங்களை விட, ஆன்டிபாடியைப் பயன்படுத்திய பக்கங்கள் பல மடங்கு வேகமாகப் பெருகின.

2013ல் குஸ்தாவ் ரூசி குழுவே தன் பழைய வேலையைத் திரும்பச் செய்துபார்த்தது. வேறு இரண்டு சோதனைகளைச் சேர்ந்த 494 நோயாளிகளின் திசுக்களில் 2006ன் முடிவு கிடைக்கவில்லை. பிறகு பழைய பன்னாட்டுச் சோதனையின் மாதிரிகளுக்கே மறுபடி சாயமேற்றினார்கள். முன்பு 44 சதவீதமாக இருந்தது இப்போது 77 சதவீதம் என்று வந்தது. அதே கட்டிகள், அதே 8எஃப்1. மாறியிருக்கக்கூடியது ஆன்டிபாடியின் தயாரிப்புத் தொகுதி. கடைகளில் கிடைத்த 16 ஆன்டிபாடிகளைச் சோதித்ததில், வேலை செய்யும் 202 வடிவத்தை மட்டும் தனியே பிரித்துக்காட்ட ஒன்றாலும் முடியவில்லை. இருக்கும் ஆன்டிபாடிகளை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்று தங்கள் பழைய முடிவுக்கு எதிராகவே அவர்கள் எழுதினார்கள். அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரைகளில் அது ஒன்று.

8எஃப்1 கூடுதலாகப் பிடித்துக்கொண்டிருந்த புரதம் எது என்பது 2014ல் தெரிந்தது. சி.சி.டி.-ஆல்ஃபா என்ற நொதி. செல் சவ்வுக்கு வேண்டிய பாஸ்ஃபாடிடைல்கோலின் தயாரிப்பில் வேலை செய்வது. டி.என்.ஏ. பழுதுநீக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. ஆனால் அதுவும் பெரும்பாலான செல்களில் உட்கருவில்தான் இருக்கிறது, எடையும் 42 கிலோடால்டனை ஒட்டியது. மைக்ராஸ்கோப்பில் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால், அந்தப் பழுப்பில் எவ்வளவு யாருடையது என்று எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. மருத்துவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதை யாரும் வாசிக்கக் கூடாது. சாயம் எதிர்பார்த்த இடத்தில் ஏறியது, எதிர்பார்த்த காரணத்தோடு ஒத்துப்போனது, புள்ளியியலும் துணை நின்றது. அவ்வளவும் இருந்தும் போதவில்லை.

குப்பி வாங்கும் முன்

நிறுவனத்தின் விவரத்தாளில் முதலில் தேட வேண்டியது விலையையோ மேற்கோள் எண்ணிக்கையையோ அல்ல. அந்த நொதியே இல்லாத செல்லின் சாற்றை ஒரு பள்ளத்தில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். காட்டியிருந்தால் படம் முழு நீளத்துக்கு இருக்கிறதா, 37ஐச் சுற்றி ஒரு விரல் அகலம் மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய படத்தில் மற்ற பட்டைகள் மறைந்திருக்கலாம். பிறகு ஆன்டிபாடியை எதைக் கொண்டு உருவாக்கினார்கள் என்று பாருங்கள். முழுப் புரதமா, ஒரு சிறு பெப்டைடா? பெப்டைடு என்றால் அது 4 வடிவங்களுக்கும் பொதுவான பகுதியா? எந்த முறைக்குச் சோதித்தார்கள்? வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் விரிந்து கிடக்கும்; ஃபார்மலின் ஏற்றிய திசுவில் குறுக்குப் பிணைப்புகளோடு மடிந்து கிடக்கும். ஒன்றில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி மற்றதில் தோற்பது அன்றாட நிகழ்ச்சி.

மோனோகுளோனல் என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். கோலரும் மில்ஸ்டைனும் 1975ல் ஹைபிரிடோமா முறையைத் தந்தபோது, ஒரே செல் பரம்பரையிலிருந்து ஒரே ஆன்டிபாடி என்பதே அதன் வாக்குறுதி. 2018ல் வெளியான ஓர் ஆய்வில் 185 ஹைபிரிடோமாக்களின் மரபணு வரிசையைப் படித்தபோது, 59ல் கூடுதலான கனச் சங்கிலியோ இலேசுச் சங்கிலியோ உருவாகிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட குப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபாடி கலந்திருக்கும். முயலிலிருந்து எடுத்த பாலிகுளோனல் என்றால், அந்த முயல் இறந்த பின் அதே ஆன்டிபாடி திரும்பக் கிடைக்காது. வரிசை தெரிந்து, அந்த வரிசையிலிருந்து செல்களில் தயாரிக்கப்படும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த குப்பி வாங்கும்போது அதன் அருமை தெரியும்.

ஒரு குப்பிக்குக் கொடுக்கும் பணம் நம் ஆய்வகங்களுக்குச் சிறியதல்ல. பல நிறுவனங்கள் சோதனைக்கென்றே சிறிய அளவுக் குப்பிகள் விற்கின்றன. ஒரே ஆன்டிபாடியில் பெரிய குப்பி வாங்குவதற்குப் பதில், புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளில் சிறிய குப்பிகள் வாங்குவது புத்திசாலித்தனம்.

நொதி இல்லாத செல்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஈ.ஆர்.சி.சி.1 இருக்கும் செல்லையும், அந்த மரபணு மட்டும் முடக்கப்பட்ட அதே செல்லையும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்களில் ஓட்டுங்கள். முதலாவதில் பட்டை, இரண்டாவதில் வெறுமை என்றால் அந்தப் பட்டை ஈ.ஆர்.சி.சி.1தான். இரண்டிலும் பட்டை என்றால், அது எவ்வளவு அழகாக 37ல் நின்றாலும் வேறு ஏதோ ஒன்று.

அப்படிப்பட்ட செல்லுக்கு எங்கே போவது? கிரிஸ்பர் முறை வந்த பிறகு இது எட்டாத காரியம் இல்லை. ஹேப்1 என்ற மனிதச் செல்வகையில் ஒவ்வொரு குரோமோசோமும் ஒற்றையாக இருப்பதால் ஒரே வெட்டில் மரபணு முடங்கிவிடும். முடக்கிய செல்கள் விலைக்கே கிடைக்கின்றன. ஏ549 நுரையீரல் புற்றுச் செல்லிலும் ஈ.ஆர்.சி.சி.1 நீக்கிய வகைகள் ஆய்வுலகில் உண்டு. கட்டுரை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பரிமாற்ற ஒப்பந்தம் போட்டு அனுப்பிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். யு.வி.20 என்ற சீன வெள்ளெலிச் செல்லில் இந்த மரபணு பழுதடைந்திருக்கிறது. அதற்குள் மனித ஈ.ஆர்.சி.சி.1ஐச் செலுத்தினால் பட்டை தோன்ற வேண்டும். ஆனால் வெள்ளெலிச் செல்லில் பட்டை இல்லை என்பதால் மனிதச் செல்லிலும் வேறெதையும் பிடிக்காது என்று முடிவு கட்ட முடியாது. எந்த உயிரினத்தின் மாதிரியைப் பார்க்கப் போகிறீர்களோ அந்த உயிரினத்தின் செல்லிலேயே சோதியுங்கள்.

முடக்கிய செல் கிடைக்கவே இல்லை என்றால் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. கொண்டு அளவைக் குறைத்துப் பார்க்கலாம். புரதம் மெதுவாகத்தான் கரையும் என்பதால் 72 மணி நேரமாவது பொறுங்கள். இரண்டு வெவ்வேறு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. வரிசைகளால் தனித்தனியே செய்யுங்கள். முன்பு சொன்ன ஜோடிக் குணமும் இங்கே கைகொடுக்கும்: எக்ஸ்.பி.எஃப்.ஐக் குறைத்தால் ஈ.ஆர்.சி.சி.1 பட்டையும் மெலிய வேண்டும். மெலியாமல் அப்படியே நின்றால் அந்த ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். இது துணைச் சாட்சிதான், மரபணுவை முடக்கிய செல்லுக்கு ஈடாகாது.

பழைய முறைகள் இரண்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபாடியை அதன் பெப்டைடோடு முன்பே கலந்துவைத்தால் பட்டை மறைகிறது, ஆகவே ஆன்டிபாடி சரி என்று இன்னும் எழுதுகிறார்கள். பெப்டைடு அடைப்பது ஆன்டிபாடியின் பிடிக்கும் இடத்தை. அந்த இடம் வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்து காட்டுவதும் அப்படியே: அதைப் பிடிக்க முடியும் என்று தெரியும், அதை மட்டும் பிடிக்கிறது என்று தெரியாது.

2016ல் ஒரு பன்னாட்டுக் குழு நேச்சர் மெதட்ஸ் இதழில் 5 வழிகளைப் பரிந்துரைத்தது. மரபணுவை முடக்கிப் பார்ப்பது, ஆன்டிபாடி சாராத வேறு முறையில் அளந்து ஒப்பிடுவது, இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, அடையாளம் கோத்த புரதத்தோடு ஒப்பிடுவது, பிடித்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பது. இவை ஐந்தும் சமமல்ல என்பது என் கருத்து. மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2023ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. நரம்பியல் சார்ந்த 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை, முடக்கிய செல்லோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். மரபணு முடக்கத்தை வைத்து நிறுவனங்கள் பரிந்துரைத்த ஆன்டிபாடிகள், மற்ற முறைகளால் பரிந்துரைக்கப்பட்டவற்றை விட அதிகமாகத் தேறின. தேறாத ஆன்டிபாடியைப் பயன்படுத்திய கட்டுரைகள் ஒரு புரதத்துக்குச் சராசரியாக 12 இருந்தன என்பது அதே ஆய்வின் வருத்தமான பகுதி.

பிளாட்டில் கவனிக்க வேண்டியவை

வெஸ்டர்ன் பிளாட்டின் படிகளை 3ஆம் அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். இங்கே இந்தப் புரதத்துக்கு மட்டும் உரிய சங்கதிகள்.

உட்கருப் புரதம் என்பதால் செல்லை உடைக்கும் கட்டம் முக்கியம். மென்மையான கரைசலில் உடைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தால், குரோமாட்டினோடு ஒட்டிய ஈ.ஆர்.சி.சி.1 அடியில் படிந்த வண்டலில் தங்கிவிடலாம். அப்போது குறைவு என்று நீங்கள் எழுதுவது செல்லின் குறைவல்ல, உங்கள் சாற்றின் குறைவு. ரிப்பா கரைசலில் புரோட்டியேஸ் தடுப்பான் கலந்து உடைத்து, சோனிகேட் செய்யுங்கள், அல்லது பென்சோனேஸ் சேர்த்து டி.என்.ஏ.வைச் சிதையுங்கள். பிசுபிசுப்பு போனதும் வேலை எளிதாகும். முதல் முறை செய்யும்போது வண்டலையும் சாம்பிள் பஃபரில் கொதிக்கவைத்து ஒரு பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு பள்ளத்துக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம், 12 சதவீத ஜெல். எக்ஸ்.பி.எஃப்.ஐயும் அதே மெம்பிரேனில் பார்க்க வேண்டும் என்றால் 4 முதல் 12 வரை ஏறும் கிரேடியன்ட் ஜெல்.

லோடிங் கன்ட்ரோல் விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். எல்லா ஆய்வகத்திலும் கை தானாகவே ஜி.ஏ.பி.டி.எச்.ஐத் தேடும். அதன் எடை 37. ஈ.ஆர்.சி.சி.1 நிற்கும் இடமும் அதுவே. முந்தைய ஆன்டிபாடியைச் சரியாகக் கழற்றாமல் அதே மெம்பிரேனில் இரண்டையும் பார்த்தால், ஒன்றின் மிச்சத்தை மற்றதன் பட்டையாக வாசித்துவிடுவீர்கள். ஆக்டின் 42ல் நிற்கும். 8எஃப்1 போன்ற ஆன்டிபாடி சி.சி.டி.-ஆல்ஃபாவைக் காட்டிக்கொடுக்கும் இடம் அதுதான், அந்த எச்சரிக்கையை நீங்களே மறைத்துக்கொள்வீர்கள். வின்குலின் 117ஐ ஒட்டி எக்ஸ்.பி.எஃப்.க்கு அருகே வந்துவிடும். 50ஐ ஒட்டி நிற்கும் டியூபுலினையோ, 66ஐ ஒட்டி நிற்கும் லேமின் பி1ஐயோ எடுத்துக்கொள்ளுங்கள். உட்கருச் சாறு மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் லேமின்தான் பொருத்தம். எதுவானாலும் மாற்றிய மெம்பிரேனைப் போன்சோ சாயத்தில் ஒரு நிமிடம் முக்கிப் படம் எடுத்துவையுங்கள்.

ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்பதை விவரத்தாளில் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். 1:250, 1:500, 1:1000, 1:2000, 1:4000 என்று மெம்பிரேன் துண்டுகளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஈ.ஆர்.சி.சி.1 உள்ள செல்லும் இல்லாத செல்லும் இருக்க வேண்டும். பட்டை மிக அடர்த்தியாகத் தெரியும் அளவைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாகிவிட்டது. இரண்டு பள்ளங்களுக்கும் இடையே வித்தியாசம் மிக அதிகமாகத் தெரியும் அளவு எதுவோ அதையே எடுங்கள். பெரும்பாலும் அது இன்னும் நீர்த்த அளவாக இருக்கும், குப்பியும் நீடித்து வரும்.

அளவிடப் போகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இது. உள்ள செல்லின் சாற்றையும் இல்லாத செல்லின் சாற்றையும் 100:0, 50:50, 25:75, 12:88, 0:100 என்று கலந்து ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். மொத்தப் புரதம் எல்லாப் பள்ளத்திலும் ஒன்றே, ஈ.ஆர்.சி.சி.1 மட்டும் பாதி பாதியாகக் குறைகிறது. பட்டையின் அடர்த்தியும் பாதி பாதியாகக் குறைந்தால் உங்கள் எண்களுக்குப் பொருள் உண்டு. 100ம் 50ம் ஒன்றுபோல் தெரிந்தால் ஒளி அளவு நிரம்பி வழிகிறது என்று பொருள். வெளிச்ச நேரத்தைக் குறையுங்கள், அல்லது புரதத்தைக் குறையுங்கள்.

குப்பியைப் பாதுகாப்பது பற்றிச் சிறிது. வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்துவிடுங்கள். 50 சதவீதம் கிளிசரால் உள்ளவை மைனஸ் 20ல் உறையாமல் இருக்கும், கிளிசரால் இல்லாதவை உறையும். உறைந்து உருகி உறைவதுதான் ஆன்டிபாடிக்குக் கேடு. தானாகப் பனி நீக்கும் ஃபிரீசர் அவ்வப்போது சூடேறி இறங்கும், அதில் வைக்காதீர்கள். மின்வெட்டு அதிகமுள்ள இடமென்றால் ஐஸ் ஜெல் பொதிகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்து அதை ஃபிரீசருக்குள் வையுங்கள். நீர்த்த ஆன்டிபாடியைத் திரும்பப் பயன்படுத்துவதற்காகச் சோடியம் அசைடு சேர்க்கிறவர்கள், பிறகு மெம்பிரேனை நன்றாகக் கழுவ வேண்டும், அசைடு எச்.ஆர்.பி. நொதியை முடக்கும், பட்டையே தெரியாது.

திசுத் துண்டில்

பிளாட்டில் தேறிவிட்டது என்பதால் திசுவிலும் தேறும் என்று எண்ண வேண்டாம். பிளாட்டில் தவறான புரதம் வேறு எடையில் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். திசுவில் எடை கிடையாது. எல்லாப் பிழையும் ஒரே பழுப்பு நிறத்தில் உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். 8எஃப்1 விஷயத்தில் நடந்தது இதுதான்.

ஆகவே முடக்கிய செல்லை இங்கேயும் கொண்டுவர வேண்டும். உள்ள செல்லையும் இல்லாத செல்லையும் தனித்தனியே வளர்த்து, சுழற்றி அடியில் சேர்த்து, அகாரில் பிடித்து, உங்கள் நோயாளித் திசு எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் இருக்குமோ அத்தனை மணி நேரம் ஃபார்மலினில் வைத்து, பாரஃபின் கட்டையாக்கிவிடுங்கள். ஒரு தடவை செய்த கட்டை பல ஆண்டு வரும். ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் நோயாளித் திசுவுக்குப் பக்கத்தில் இந்த இரண்டு செல்களின் துண்டையும் வைத்தால், ஒவ்வொரு தகடும் தன் சாட்சியைத் தானே சுமந்துகொண்டு வரும். நோயியல் துறையினரைக் கேட்டால் இதில் உதவுவார்கள். திசுக்கட்டை செய்வதில் அவர்களுக்குள்ள கைத்திறன் ஆய்வகத்தில் நமக்கு இருப்பதில்லை.

ஆன்டிஜென் மீட்புக்கு பி.எச். 6 சிட்ரேட், பி.எச். 9 ட்ரிஸ்-ஈ.டி.டி.ஏ. இரண்டையும் முயலுங்கள். எதில் சாயம் அழகாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். இல்லாத செல் எதில் வெறுமையாகவே இருக்கிறது என்று பாருங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாவது மட்டும் போட்ட தகடு ஒன்றும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

மதிப்பெண் போடும் முறையிலும் 2006 கட்டுரை ஒரு பாடம். சாயத்தின் அடர்த்திக்கு 0 முதல் 3 வரை ஓர் எண். ரத்தக் குழாயின் உள்வரிச் செல்களின் சாயம் 2 என்று ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். சாயமேறிய செல்களின் விகிதத்துக்கு இன்னொரு எண். இரண்டையும் பெருக்கி, நடுமதிப்புக்கு மேலே இருந்தால் ‘உண்டு’, இல்லாவிட்டால் ‘இல்லை’. கவனமாக யோசித்த முறை அது. ஆனால் நடுமதிப்பில் கோடு கிழித்தால், பல கட்டிகள் கோட்டை ஒட்டியே நிற்கும். ஆன்டிபாடி கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தாலும் அவை கூட்டமாகக் கோட்டைத் தாண்டிவிடும். 8எஃப்1 போல உள்வரிச் செல்லிலும் இன்னொரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால் அளவுகோலே சேர்ந்து நகர்கிறது. உங்கள் ஆய்வில் கோடு எங்கே என்பதைத் தகடுகளைப் பார்க்கும் முன் எழுதிவையுங்கள், மதிப்பெண் போடுகிறவர் இருவராக இருக்கட்டும், நோயாளி என்ன ஆனார் என்பது இருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

ஆன்டிபாடி முழுமையாகத் தேறினாலும் வடிவம் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. வேலை செய்யும் 202ஐயும் வேலை செய்யாத மற்றவற்றையும் அது பிரிக்காது. பழுதுநீக்கும் திறன்தான் உங்கள் கேள்வி என்றால், ஈ.ஆர்.சி.சி.1ம் எக்ஸ்.பி.எஃப்.பும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும்போது மட்டும் புள்ளி காட்டும் பிராக்சிமிட்டி லைகேஷன் முறையைப் பாருங்கள். உயிருள்ள செல் கையில் இருந்தால் மைட்டோமைசின்-சி கொடுத்துக் காலனிகள் எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவது அதைவிட நேரடியானது. இந்த ஜோடி இல்லாத செல்கள் அந்த மருந்தை மிகக் குறைந்த அளவிலும் தாங்குவதில்லை.

லாட் மாறும்போது

குப்பியின் மேல் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண். ஆய்வேட்டில் ஆன்டிபாடியின் பெயரையும் கேட்டலாக் எண்ணையும் எழுதும் மாணவர்கள் இதை எழுதாமல் விடுகிறார்கள். 44 சதவீதம் 77 ஆனதை நினைத்துப் பார்த்தால், நோட்டில் முதலில் எழுத வேண்டிய எண் இதுதான். குளோன் பெயர், கேட்டலாக் எண், லாட் எண், ஆர்.ஆர்.ஐ.டி. அடையாள எண், நீர்த்த அளவு, மீட்புக் கரைசல், தேதி என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். கட்டுரையிலும் அவ்வாறே எழுதி, முழு பிளாட் படத்தைத் துணைப் பக்கங்களில் சேருங்கள்.

புதிய லாட் வருவதற்கு முன்பே பழைய லாட்டில் 10 மைக்ரோலிட்டர் பங்கு ஒன்றைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். புதியது வந்ததும், இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாற்றில், ஒரே செல்கட்டைத் தகட்டில் போட்டு ஒப்பிடுங்கள். நோயாளித் திசுக்களில் சாயம் அதிகமாக, நடுத்தரமாக, குறைவாக வந்தவற்றில் சிலவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாத செல்லில் புதிய லாட் சிறு நிழல் காட்டினாலும் விற்றவருக்குப் படத்தோடு எழுதுங்கள். பல நிறுவனங்கள் வேறு லாட் அனுப்புகின்றன, சில பணத்தைத் திருப்பித் தருகின்றன. ஆய்வின் நடுவில் லாட் தீர்ந்துபோய், புதியது பழையதோடு ஒத்துப்போகவில்லை என்றால், மிச்சமுள்ள நோயாளிகளுக்கு மட்டும் புதியதைப் போட்டுக் கணக்கைச் சேர்க்காதீர்கள். திசு இருக்கும் எல்லோருக்கும் முதலிலிருந்து புதிய லாட்டிலேயே சாயமேற்றுங்கள், பழைய மதிப்பெண்களைத் தனி அட்டவணையில் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.